பின்னத்துக்கு மூன்று வாரம்

இன்று காலை ஆசிரியர் அறையில் புதுப் புத்தகக் கட்டைப் பிரித்தார்கள். பசையும் மையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அட்டையில் 'சர்வதேசக் கணிதம்' என்று போட்டிருந்தது. உள்ளே ஆறாம் வகுப்புக்கு எட்டாம் வகுப்புப் பாடம்.

நாம் இருவரும் பிச்சாட்டூரிலிருந்து ஒரே பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து இந்தப் பள்ளியில் கணக்கு நடத்திய நாட்களிலும் இதே பேச்சுதான். வெளிநாட்டில் எல்லாவற்றையும் முன்னாலேயே நடத்துகிறார்கள், நாமும் நடத்த வேண்டும் என்றார் கரஸ்பாண்டென்ட். தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. நீ மட்டும் நம்பவில்லை. ஜப்பான் கம்பெனிகள் நிறைந்த ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் உன் தம்பியிடம் சொல்லி, ஊர் திரும்பிய ஜப்பான் குடும்பம் விட்டுப்போன ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வந்தாய்.

எழுத்து ஒன்றும் புரியவில்லை. படங்களையும் எண்களையும் வைத்தே, பஸ்ஸில் நம் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். புத்தூர் வருவதற்குள் விளங்கிவிட்டது. அவர்களுடையது நம்முடையதில் பாதி கனம்தான். நாம் இரண்டே பக்கத்தில் தாண்டும் பின்னத்துக்கு அவர்கள் பக்கம் பக்கமாகக் காகிதப் பட்டைகள் வரைந்து, ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டிருந்தார்கள்.

அடுத்த மீட்டிங்கில் இரண்டு புத்தகங்களையும் கரஸ்பாண்டென்ட் முன்னால் விரித்தாய். தெலுங்கில் ஆரம்பித்து, கோபத்தில் தமிழுக்கு வந்துவிட்டாய். "அங்க பசங்க நிதானமா குந்திக்கினு யோசிக்குதுங்க சார். நாமதான் ஓடிக்கினே கீறோம்."

உன்னை மூன்றாம் வகுப்புக்கு இறக்கினார்கள். நீ அங்கே போய் மூன்று வாரம் பின்னம் மட்டுமே நடத்தினாய். மீட்டிங்கில் நான் வாய் திறக்காததை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. மறு வருஷம் காய்ச்சலில் படுத்தாய், பத்து நாளில் போய்விட்டாய். நாளை நாளை என்று தள்ளிப்போட்ட மன்னிப்பைக் கேட்க எனக்கு அவகாசம் இல்லாமல் போயிற்று.

இன்று மதியம் நான் கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனேன். இந்தப் புத்தகத்தை நடத்த மாட்டேன் என்றேன். அப்படியானால் வேறு பள்ளி பார்த்துக்கொள் என்றார், தெலுங்கில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். தமிழிலேயே சொன்னேன். "பாத்துக்கறேன் சார். அதுவரைக்கும் என் கிளாஸுல பின்னந்தான்."

அடுத்த பீரியடில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். நாலு மூன்றைவிடப் பெரிசுதானே, பிறகு நாலில் ஒன்றைவிட மூன்றில் ஒன்று எப்படிப் பெரிசாகும் என்று. ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து மடித்துப் பார்க்கச் சொன்னேன். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுப்பவில்லை.

வேலை போனாலும் போகட்டும். உன்னிடமிருந்து தொற்றிய இந்தப் பிடிவாதம் என்னோடுதான் இருக்கும். நாளைக்கும் இதையேதான் நடத்தப் போகிறேன்.