யார் ஜெயிப்பார் என்று தெரியாத சண்டை

புந்தோங், ஈப்போ
20-8-1978

அன்பு மகள் மங்களத்துக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய குறட்டையும் நலம். கடல் தாண்டி கோத்தா கினாபாலுவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. தாதிப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தும், மாப்பிள்ளை வேண்டாம் என்றதால் விட்டுவிடப் போவதாக ஒரே வரியில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே மீன் விலையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். மீன் விலைக்குப் பிறகு வருகிறேன்.

நேற்று உன் அப்பா என்னை பாக்சிங் பார்க்க இழுத்துக்கொண்டு போனார். அவருடைய கூட்டாளி ஷரபுதீனுக்குக் காய்ச்சலாம், டிக்கெட் வீணாகக் கூடாதாம். குழாயடிச் சண்டையை எஸ்டேட்டில் சும்மாவே பார்த்தவளுக்கு டிக்கெட் எதற்கு என்றேன், கேட்கவில்லை. முதல் சண்டையில் மலை மாதிரி ஒரு காம்பார் ஊர்க்காரன், எதிரே நோஞ்சானாக ஒருவன். மணி அடித்ததும் நோஞ்சான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு ஓரமாக நின்றான், கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தே விட்டான். பாதிக் கூட்டம் கொறிக்கக் கச்சாங் பூத்தே கடலை வாங்கப் போய்விட்டது, உன் அப்பா கொட்டாவி விட்டார். ஜெயித்தவன் முகத்தில்கூடச் சந்தோஷம் இல்லை, கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

கடைசியாக ஏறியவர்கள் நம் பழைய எஸ்டேட் பையன் பத்துமலையும் பாகான் செராய் ஊர்க்காரன் ஒருவனும். இவன் ஒன்று கொடுத்தால் அவன் ஒன்று கொடுக்கிறான். இவன் விழப் போகிறான் என்று நான் கண்ணை மூடினால், திறக்கும்போது அவன் தள்ளாடுகிறான். பத்துமலை எனக்கு மாமனா மச்சானா, ஆனாலும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கச்சாங் பூத்தே விற்கிறவரே தட்டை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார். நான் எப்போது நாற்காலி மேல் ஏறினேனோ தெரியாது, குடையை ஆட்டிய வேகத்தில் முன்னால் இருந்த சீனர் தலையில் ஒரு போடு விழுந்தது. அவர் கோபிக்கவில்லை, அக்கா நீங்களும் மேடை ஏறலாமே என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். முடிவில் நடுவர் இரண்டு பேர் கையையும் தூக்கினார். உதடு வீங்கிப்போன இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். கூட்டம்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாதாடிக்கொண்டே வந்தது.

முதல் சண்டைக்குக் கொட்டாவி விட்டவர்கள் இதற்கு ஏன் இப்படிக் கூத்தாடுகிறீர்கள் என்று பஸ்ஸில் உன் அப்பாவைக் கேட்டேன். "எவன் ஜெயிப்பான்னு முன்னாலயே தெரிஞ்சிட்டா அப்புறம் என்னாத்தப் பாக்குறது லா? ரெண்டு பேரும் சமமா நின்னாத்தான் கடைசி மணி வரைக்கும் நமக்கு இருப்புக் கொள்ளாது" என்றார். அப்போதுதான் உன் ஒற்றை வரி ஞாபகம் வந்து எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை நல்லவர், குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் வேண்டாம் என்றதும் நீ முகத்தை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாயே. ஒரு கோழிக்காலுக்காக உன் அண்ணனை எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்க விரட்டிய மங்களமா இது? இப்படி ஜெயிப்பதில் அவருக்குத்தான் என்ன ருசி இருக்கும்? நானும் உன் அப்பாவும் கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயால் சண்டை போடுகிறோம், இன்னும் யார் ஜெயித்தது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு இருளாயி ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்கிறாள்.

மாதக் கடைசிக்குள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறாய். மாப்பிள்ளை சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்காரவைத்துப் பேசு. அவர் ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல், அழாதே. பேசிப் பார்த்து, அவர் சொல்வதுதான் சரி என்று உனக்கே பட்டால் விட்டுவிடு, நான் வாயைத் திறக்கமாட்டேன். பேசாமலே விட்டாய் என்றால் எனக்கு மனசு ஆறாது.

இதைப் படித்துவிட்டு உன் அப்பா, "பாவம் லா மாப்பிள்ளை" என்கிறார். மீன் விலை ஏறினால் கருவாடு வாங்கு. எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, ஆனால் இந்தத் தடவை நான் உன் பக்கம்தான் நாற்காலி மேல் ஏறி நிற்கிறேன், குடையும் கையில் இருக்கிறது.

உன்னைப் பெற்றவள்,
நல்லம்மாள்