நான் நறுக்கிய அரும்புகள்

மருமகளுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பின்வாசல் சாவி என்னிடம் இருக்கிறது, காத்திருக்காமல் சாப்பிடு. நான் நர்சரிக்காரரைப் பார்க்கப் போகிறேன்.

நேற்று அவர் நம் வாசலில் பூக்காமல் நிற்கும் புதர்ச்செடிகளைத் தடவிப் பார்த்து, "வசந்தத்துல பூக்குற செடிங்க போன வருஷமே அரும்பு கட்டிடும். குளிர்காலத்துல கத்தரி போட்டது யாரு?" என்று கேட்டார். "மருமகதான்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற நீ அந்தப் பழியை உன் தலையில் வாங்கிக்கொண்டாய். அப்புறம் என்னிடம் பேசவில்லை.

"மாமா, பூத்து முடிஞ்சதும்தான் வெட்டணும்" என்று குளிர்காலத்தில் நான் கத்தரியை எடுத்தபோதே நீ சொன்னாய். "எனக்கேவா?" என்று மீசையை முறுக்கினேன். உன் அப்பா வரும்போது வாசல் பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று மூன்று செடிகளையும் ஒட்ட நறுக்கினேன். குடும்ப மானத்தைக் காக்கக் கிளம்பி, ஒரு வசந்தத்தையே குப்பையில் கொட்டிய மகான் நான் ஒருவன்தான்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன். இஸ்திரி போட்ட சட்டையில்தான் போகிறேன். தலை குனிவதையும் கொஞ்சம் லட்சணமாகச் செய்யலாம் அல்லவா?

மாமா

பி.கு.: கத்தரியை உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். நான் அதட்டினாலும் தராதே.

இன்னொன்று: அடுத்த வசந்தத்தில் பூ உதிர்ந்ததும் நீயே வெட்டு. குச்சிகளை நான் அள்ளுகிறேன்.