பூ விழுந்தது அப்பாவின் கண்ணில் இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன் சித்தி வீட்டிலிருந்து பொழுது சாய்ந்து திரும்பும்போது அப்பா காரை நடைபாதை மேல் ஏற்றிவிட்டார் என்றேனே, மறுநாள் கண் டாக்டர் இனி ஓட்டக் கூடாது என்று சொன்னதாகவும் சொன்னேனே, அதில் இரண்டாவது பொய்யடி. "கண்ணுல ஒரு குறையும் இல்ல, தாராளமா ஓட்டலாம்" என்றுதான் டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் "வயசானவங்களுக்கு ஆறுதலுக்குச் சொல்றாரு, அதைப் போய் நம்பறீங்களே" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பேச்சு எடுபட்டதே என்ற மிதப்பும் இருந்தது. நீயும் என்னை நம்பி "போதும்பா, இனிமே ஓட்டாதீங்க" என்றாய். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அப்புறம் வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார், பேப்பரை என்னிடம் நீட்டி நீயே படி என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

போன வாரம் காரை விற்றுவிடலாம் என்று மெக்கானிக்கை வரச் சொன்னேன். மெக்கானிக்கே ஓட்டிக்கொண்டு போக, நாங்களும் ஷெட்டுக்குப் போனோம். முன்விளக்குகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இப்படி மஞ்சப் பூத்துக் கிடக்கு, இதுல எப்படி வெளிச்சம் வரும்" என்றார். ஒரு விளக்கை மட்டும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, இரண்டையும் எரியவிட்டார். இருட்டுச் சுவரில் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று வட்டம், மறுபக்கம் டீ சிந்தின மாதிரி ஒரு கறை. "பூ விழுந்தது சார் கண்ணுல இல்லக்கா, காரு கண்ணுல" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பாமல் அவரிடமே, "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா தம்பி?" என்று கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

அன்றே அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றார், அவ்வளவுதான். காரை விற்கவில்லை. இன்னொரு விளக்கும் சரியாகி வந்தபிறகு, நேற்றுச் சாயங்காலம் நானே சாவியைக் கையில் கொடுத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ரோடு பளிச்சென்று தெரிந்தது. இருந்தும் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தி, "யாராச்சும் நிக்கறாங்களா, பாரேன்" என்று என்னைக் கேட்டார். யாருமில்லங்க என்று நான் சொன்ன பிறகுதான் வண்டியை நகர்த்தினார்.

இனி நான் எதைச் சொல்லி என்ன, என் சொல்லுக்கு இருந்த மதிப்பை நானே கெடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை அவரிடம் கொடுக்கச் சொல். அம்மா என்னிடமும் பொய் சொன்னாள் என்று சொல், எனக்காகப் பரிந்து பேசாதே. லீவுக்கு வரும்போது வாடகைக் கார் வேண்டாம், நீங்களே வந்து எங்களைக் கூட்டிட்டுப் போங்கப்பா என்று கேள். பேரப்பிள்ளையை நம்பி ஏற்றுகிறாள் மகள் என்றால் அவர் நிமிர்ந்துவிடுவார்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். விமானம் வரும் நேரத்தை அவரிடமே சொல், என்னிடம் சொல்லாதே.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்,
அம்மா