ஏழாம் பக்கத்து மூட்டைப்பூச்சி

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அது மட்டும் தனி ஆள் மாதிரி நாளுக்கொரு புகார் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீ சுகம் என்று போனில் சொல்கிறாய், வீடியோவில் உன் கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பு வேறு ஏதோ சொல்கிறது, இரண்டில் எதை நம்புவது என்று நீயே எழுது. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைக் கொடுக்கிறார், மெயிலோ கடைக் கம்ப்யூட்டரில் திறந்தபடியே கிடக்கிறது. இந்தக் கடிதத்தில் அவருக்குத் தெரியக் கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது, அதனால்தான் தபால்.

நீ வேலைக்கு வெளியூர் போகுமுன் நம் மூட்டைப்பூச்சி ஒழிக்கும் கம்பெனிக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, அது தேடினால் ஏழாம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் கடிபட்டு, உடம்பெல்லாம் தடிப்போடு எழுந்து தேடுகிறவர் ஏழாம் பக்கம் வரைக்குமா வருவார்? உன் சித்தப்பா கம்பெனியோ முதல் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கடையில் இருந்த காலத்திலேயே சித்தப்பா வெப்சைட் வேண்டும் என்று தலைகீழாக நின்றதும், "மூட்டைப்பூச்சிக்கு எதுக்குடா வெப்சைட்டு, அது படிக்கவா போகுது?" என்று அப்பா எல்லார் முன்னாலும் சிரித்ததும், அதே கோபத்தில் அவர் பிரிந்து போய்த் தனிக் கடை போட்டதும் உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. இந்த வருஷம் நமக்கு நாளெல்லாம் சேர்த்து ஒரு போன் வந்தால் அதிகம், அதுவும் ராங் நம்பர். போதாக்குறைக்கு, வேண்டுமானால் அண்ணனை என்னிடம் வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்று சித்தப்பா இரண்டு வீட்டுக்கும் வந்து போகிற தச்சரிடம் சொல்லி அனுப்பினார். நல்ல மனதோடு சொன்னாரோ, குத்திக் காட்டச் சொன்னாரோ, அப்பா அன்றைக்குத் தட்டில் இருந்ததைத் தொடவில்லை. ஆறு மாதம் பார்ப்போம், இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிடலாம் என்று சொன்னார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லையடி.

அப்புறம் மனுஷர் களத்தில் இறங்கினார் பார். முதல் வேலையாகத் தினமும் காலையில் பல் துலக்குமுன் நம் வெப்சைட்டைத் தானே தேடி, ஏழாம் பக்கம் வரை போய், தானே நாற்பது தடவை திறந்து மூடினார். அடிக்கடி கதவைத் திறந்தால் கடையில் கூட்டம் என்று தேடல் கம்பெனிக்காரன் நினைத்துக்கொள்வானாம். அது பலிக்கவில்லை என்றதும் சொந்தக்காரர்களைப் பிடித்தார். எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுத வேண்டும் என்று உத்தரவு. உன் அத்தைக்கு எதைப் பற்றி எழுதச் சொல்கிறார் என்றே சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது, "மிகவும் ருசியாக இருந்தது, குடும்பத்தோடு மறுபடியும் வருவோம்" என்று எழுதிவிட்டாள். மூட்டைப்பூச்சிக் கம்பெனிக்கு! மூன்று நாள் அது அப்படியே இருந்தது, நான் அழிக்கச் சொல்லவில்லை, காலையில் அதைப் படித்தால் அன்றைக்கு முழுக்க எனக்கு உற்சாகம். மூன்றாவதாகச் செய்ததுதான் வினை. யாரோ சொன்னார்கள் என்று உன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், பக்கத்தின் அடியில் மூட்டைப்பூச்சி, மூட்டைப்பூச்சி என்று இருநூறு தடவை எழுதி, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஆக்கி வைத்துவிட்டார். பத்து நாளில் ஏழாம் பக்கத்தில் இருந்ததும் போச்சு. எழுபதாம் பக்கம் வரை தேடினோம், நாம் எங்குமே இல்லை.

நீ வேலையில் திண்டாடிக்கொண்டிருந்த சமயம் அது, உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே உட்கார்ந்தேன். தேடல் கம்பெனியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்து கிடந்தது, மறைத்து வைத்த எழுத்து இருக்கிறது என்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மவுஸை அழுத்திப் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை இழுத்தேன், அடியில் நீலமாக மின்னிக்கொண்டு வரிவரியாக மூட்டைப்பூச்சி! நிஜமான மெத்தையில் டார்ச் அடித்துப் பார்ப்பதும் இப்படித்தான் இருக்கும். அப்பா வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து அத்தனையையும் துடைத்தேன், அத்தையின் ருசியையும் மற்ற சொந்தக்காரர்களின் புகழ்ச்சியையும் எடுக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன், பிறகு மறுபடியும் பரிசீலிக்கும்படி ஒரு மனு எழுதினேன். என்ன நடந்தது என்று விளக்கவும் என்று ஒரு கட்டம் இருந்தது. என் கணவர் ஏமாற்றுக்காரர் அல்ல, அவசரக்காரர், இருநூறு தடவையும் அவர் ஒற்றை விரலால் தட்டியிருக்கிறார், அந்த உழைப்பையாவது மனதில் வைத்து மன்னிக்கவும் என்று எழுதினேன். சிரிக்காதே, மூன்று வாரத்தில் மன்னித்துவிட்டார்கள்.

மன்னித்தார்களே ஒழிய, போனோம் வந்தோம் என்று மறுபடி அதே ஏழாம் பக்கம்தான். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இருபத்தேழு வருஷமாகக் கடைப் போனை எடுப்பது நான். ஜனங்கள் எதைக் கேட்பார்கள், எந்த வார்த்தையில் கேட்பார்கள் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்பா எழுதி வைத்திருந்தது என்ன தெரியுமா, "அன்புடையீர், எமது நிறுவனம் நவீன முறையில் பூச்சிகளை அகற்றும் பணியைச் செவ்வனே ஆற்றி வருகிறது." யாராவது அரிப்பு தாங்காமல் இதையா தேடுவார்கள்? ஆகவே அவர்கள் கேட்கிற கேள்வியையே தலைப்பாக வைத்து, போனில் பதில் சொல்கிற மாதிரியே எழுத ஆரம்பித்தேன். பழைய சோபா வாங்கினால் கூடவே வருமா. மெத்தையைத் தூக்கி எறிய வேண்டுமா. வெயிலில் போட்டால் செத்துவிடுமா. எங்கள் வீடு சுத்தமாகத்தானே இருக்கிறது, எப்படி வந்தது. தினம் ஒன்று, மத்தியானம் அப்பா தூங்குகிற முக்கால் மணி நேரத்தில். எங்களைக் கூப்பிடாமலே நீங்களே செய்யக்கூடியது எது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். மூன்று மாதத்தில் நாம் நான்காம் பக்கம், அப்புறம் இரண்டு, ஒரு நாள் பார்த்தால் சித்தப்பாவுக்கும் மேலே, முதல் ஆளாக! போன் ஓயவில்லை. அப்பா என்ன நினைத்தார் என்றால், தான் காலையில் திறந்து மூடியதுதான் கடைசியில் பலித்துவிட்டது என்று. சலூன்காரருக்குக்கூட அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவரும் இப்போது தினமும் நாற்பது தடவை செய்கிறாராம். சந்தோஷமாக இருக்கிற மனுஷரைக் கெடுப்பானேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

இனி வருவதுதான் தபாலுக்கான சங்கதி. போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள், நர்ஸ், மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள், கட்டிலில் பூச்சி. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கீழ இருக்கற வீட்டுக்காரருக்குத் தெரியாம வரணும்மா. அவரே மூட்டைப்பூச்சிக் கம்பெனிதான் வெச்சிருக்கார், அவர் வீட்டுலயே இருக்குன்னா சங்கடப்படுவார்" என்றாள். விலாசத்தைச் சொல்லும்போதே தெரிந்துவிட்டது, சித்தப்பாவின் புது வீடு. அவர்கள் குடிபோனபோது அனுப்பிய கார்டை அப்பா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, நான் மட்டும் அலமாரியில் வைத்திருந்தேன். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆமாம், அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நல்ல கையெழுத்தில் தெருவையும் கதவு எண்ணையும் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஒயர் பிடிக்க ஆள் வேண்டுமே என்று நானும் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பக்கவாட்டுப் படியில், அறையைச் சூடேற்றிப் பூச்சியைக் கொல்லும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அப்பா பாதி ஏறியிருப்பார், சித்தப்பாவின் கார் வந்து நின்றது. சாப்பிட வந்திருக்கிறார். கதவைத் திறந்தவர் ஒரு காலைத் தரையில் வைத்தபடியே அண்ணனைப் பார்க்கிறார், அண்ணன் மெஷினைக் கீழே வைக்கவும் முடியாமல் மேலே போகவும் முடியாமல் தம்பியைப் பார்க்கிறார். "யாரு கூப்பிட்டது?" என்றார் சித்தப்பா. மேலே இருந்து அந்த நர்ஸ், "நான்தான் சார். தேடினேன், முதல்ல இவங்கதான் வந்தாங்க. படிச்சேன், மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு" என்றாள். சித்தப்பா அங்கேயே நின்று தன் போனில் நம் பக்கத்தைத் திறந்து, ஒரு இடத்தை வாய்விட்டுப் படித்தார்: "மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, ஆளைத் தேடி வருகிறது. உங்கள் மெத்தையில் அது இருந்தால் நீங்கள் சுத்தமில்லாதவர் என்று அர்த்தமில்லை, நாலு இடத்துக்குப் போய் நாலு பேரோடு உட்காருகிறவர் என்று அர்த்தம். வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்." படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது அண்ணி பேச்சுல்ல? அண்ணன் எழுதினா அன்புடையீர்னு ஆரம்பிச்சிருக்கும்" என்றார். எனக்கு வேனுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோபமா, வெட்கமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அப்பாதான், மெஷினைப் படியில் வைத்துவிட்டு, தொழில் குரலில், "மாடியில இருக்குன்னா கீழயும் இறங்கியிருக்கும். ரெண்டு தளத்தையும் ஒண்ணா சூடேத்தணும். என் மெஷின் ஒண்ணு பத்தாதுடா" என்றார். டா என்று வந்துவிட்டது, கவனித்தாயா. சித்தப்பா போய்த் தன் கடையிலிருந்து இன்னொரு மெஷினை எடுத்து வந்தார். சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் வேர்த்து வழிந்துகொண்டு வேலை செய்தார்கள், எத்தனை டிகிரி வைப்பது என்று சண்டை, கதவிடுக்கில் எந்தத் துணியைத் திணிப்பது என்று சண்டை. நானும் உன் சித்தியும் எதிர்வீட்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தோம். கடைகள் இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும் என்று முடிவு, பெரிய வீடு வந்தால் சேர்ந்து செய்வார்கள். ஷட்டரை இறக்குகிற பேச்சு அத்தோடு போயிற்று. தனக்கும் இந்த மாதிரி எழுதித் தரச் சொல்லிச் சித்தப்பா நச்சரிக்கிறார், உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நான் இரண்டாவதாக வரவா என்று அவரிடமே கேட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அப்பா என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் கடையில் வெப்சைட்டைத் திறந்தால் என் முகம்! "இந்தப் பக்கங்களை எழுதியவர் என் மனைவி. இருபத்தேழு வருடமாக உங்கள் போனை எடுப்பவரும் அவரே" என்று ஒற்றை விரலால் தட்டிப் போட்டிருக்கிறார். படத்தைத் தேர்ந்தெடுத்த அழகைச் சொல்ல வேண்டும், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாய் பாதி திறந்து, தலைமுடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, யாரையோ அதட்டுகிற மாதிரி இருக்கிறேன். எனக்குத் தெரியாமல் எப்போது எடுத்தாரோ. வேறு படமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன், நீ வேலை செய்யும்போது இப்படித்தான் இருப்பாய் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, யார் வீட்டுப் பழைய சோபாவையும் இலவசம் என்று தூக்கிக்கொண்டு வராதே. நினைத்ததெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல், நிம்மதியான தூக்கத்தோடு நூறு வயது இரு கண்ணே. துண்டுச் சீட்டு விஷயம் உன்னோடு இருக்கட்டும். பாஸ்வேர்ட் உன்னிடமும் இருக்கிறது, அம்மா அசிங்கமாக இருக்கிறாள் என்று பாவம் பார்த்து நல்ல படமாக மாற்றிவிடாதே. அது அங்கேயே இருக்கட்டும்.

வாய் பாதி திறந்தபடி,
உன் அம்மா