செங்கம் பஸ் சிவப்பில் நிற்கிறது

உன் லேப்டாப் பையைத் திறந்தால் இன்னும் புளி வாசனை. உங்கள் வீட்டில் அது புளி மூட்டை மேல்தானே கிடக்கும்? காரியம் முடிந்து நேற்று உன் அப்பா கொண்டுவந்தார். "நீயே வெச்சிக்கம்மா. வூட்ல இத பாக்க முடில."

அதைத் தூக்கிக்கொண்டு நம் பாறைக்கு வந்திருக்கிறேன். டவர் விட்டுவிட்டுப் போகாமல் கிடைக்கும் ஒரே இடம். ஊருக்காக நாம் செய்த பஸ் நேர ஆப்பில் எதை மாற்றினாலும் அன்றன்றே இங்கிருந்துதான் அனுப்புவோம். எங்கோ இருக்கும் கணினி, தப்பைப் பிடிக்க நாம் எழுதிவைத்த சோதனைகளையெல்லாம் ஓட்டிப் பார்க்கும். பச்சை வந்தால் எல்லார் போனுக்கும் போகும். சிவப்பு வந்தால் அங்கேயே நிற்கும். சிவப்பாக்கியவள் சரிசெய்யும்வரை மற்றவள் எதையும் சேர்க்கக் கூடாது. சட்டம் போடுவது நீ, சிவப்பாக்குவது நான்.

அந்த வெள்ளிக்கிழமையும் நான்தான். நேரம் இருக்க வேண்டிய இடத்தில் 'பஸ்ஸுக்குக் காய்ச்சல், லீவு' என்று எழுதி அனுப்பினேன். உன் சோதனை பிடித்துவிட்டது.

"இன்னாடி பண்ணி வெச்ச? சீக்கிரம் எடு, நான் ஒண்ணு அனுப்பணும்."

"திங்கக்கிழம எடுக்கறேன், போடி."

"எரும! உனக்காகத்தான்டி."

திங்கட்கிழமை காய்ச்சல் உனக்கு. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. காய்ச்சல் என்று எழுதிய விரலை நான் என்ன செய்ய?

நீ அனுப்ப முடியாமல் வைத்திருந்ததை இன்றுதான் திறந்தேன். பஸ் நேரத்துக்குக் கீழே ஒரு புது வரி: 'இன்றைய குசும்பு'. பக்கத்தில் என் பெயர். கூடவே ஒரு சோதனை. அந்த வரி காலியாக இருந்தாலும், நேற்றையதே இருந்தாலும் சிவப்பு.

என் காய்ச்சல் ஜோக்கை அழித்துவிட்டு உன்னுடையதைச் சேர்த்தேன். நாளை முதல் செங்கம் பஸ் எட்டுக்கு இல்லை, ஏழரைக்கே. அதையும் போட்டு அனுப்பினேன். சிவப்பு. வரி காலி. எட்டை நம்பி வந்து நிற்பவர்களுக்கு மதியம்வரை வேறு பஸ் கிடையாது.

உன் சோதனையை அழித்தால் போதும். ஒரு நொடி வேலை. நீ கடைசியாக எழுதியது அதுதானே, கை போகவில்லை. வகுப்பில் வாய் மூடாத எனக்கு ஒரு சொல் வரவில்லையடி. மழை வேறு பிடித்துக்கொண்டது. லேப்டாப் மேல் துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொண்டு அழுதேன்.

கடைசியில் எழுதினேன்: 'நம்ம பஸ்ஸுக்கு இனி ஏழரை. சனிக்கிழமை மட்டுமல்ல, தினமும்.'

பச்சை.

மட்டமான ஜோக். நீ இருந்தால் தலையில் குட்டியிருப்பாய். நாளைக்கும் ஒன்று வேண்டும். மறுநாளும். பஸ் ஓடும் நாளெல்லாம் வேண்டும். நான் என்னடி எழுதுவேன்?