படத்தில் இல்லாத மனைவி

நீ போட்டுக் காட்டும் பிரெஞ்சுப் படம் என் மேசையில் கிடக்கிறது மச்சான். மூடி வெடித்த பெட்டி, நீ ஒட்டின பழுப்பு ஒட்டுநாடா, அட்டையில் ஏழு பெண்களுக்கு நடுவே பல்லிளித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிரெஞ்சுக்காரன். உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு மடல் ஒன்று எழுதித் தரச் சொல்லி உன் வசந்தி கேட்டிருக்கிறாள். இது அந்த மடல் அல்ல. பயத்தை எந்த மலரில் போடுவது?

நீ போன நாலாம் நாளே சொல்லிவிட்டாள். "எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு அவருக்குப் பிடிச்சதெல்லாம் படைக்கவேணும் அண்ணை. நண்டு காய்ச்சுவன். அந்தப் படத்தையும் போடுவம். உங்கடை மகளுக்குப் பிரெஞ்சு தெரியும்தானே, அவள் தமிழில சொல்லட்டும்." ஓம் என்று பெட்டியை வாங்கிவிட்டேன். காருக்குள் ஏறினதும் அதைச் சீற்றுக்கு அடியில் தள்ளினேன்.

பாரிசில் ஆறு வருடம் கோப்பை கழுவிப் பழகிய பிரெஞ்சு உன்னுடையது. இங்கே வந்த பிறகு, உன் அஜின்கோர்ட் வீட்டு பேஸ்மென்றில், நீயும் வசந்தியும் நானும் என் மனைவியும். காணும் பெண்களிடமெல்லாம் மனதைப் பறிகொடுக்கிறவனின் கதை. பேக்கரியில் ஒருத்தி, பல் வைத்தியர் ஒருத்தி, பஸ்ஸில் குடையோடு ஒருத்தி. நீ வரிக்கு வரி தமிழில் சொல்ல, நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். கடைசியில் அவன் ஒரு கதவைத் தட்டுவான். அந்த இடத்தில் உன் குரல் இறங்கிவிடும். "இஞ்சேரும், பிழை விட்டிட்டன். இனி எங்கையும் போகமாட்டன்." கதவைத் திறந்த மனைவி சொல்லுவாள்: "உள்ளுக்கு வாங்கோ, சோறு ஆறுது."

பிரெஞ்சுக்காரி எங்கே சோறு காய்ச்சினாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீ திரையை விட்டு வசந்தியைப் பார்த்துச் சொல்வது எனக்குத் தெரியும். நான் வசந்தியைப் பார்க்கமாட்டேன். பக்கத்து ஊரான மார்க்கத்தில் உனக்கு ஒருத்தி இருந்த காலத்தில், வசந்தி போன் எடுத்துக் கேட்கும்போதெல்லாம் "அவனுக்கு இண்டைக்கு வேலையில ஓவர்ரைம்" என்று சொன்னவன் நான். "நீ சொன்னால் அவள் நம்புவாள் மச்சான், உனக்குக் கள்ள முகம் இல்லை" என்பாய். பாவி!

எட்டுக்கு முதல் நாள் மகளை இருத்திப் படத்தைப் போட்டேன். முடிவில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இதில வைஃபே இல்லை! அவ பக்கத்து வீட்டு மனுசி. தன்ர நாயைக் கண்டதோ எண்டு கேக்கிறா. அவன் அவவையும் லவ் பண்ண வெளிக்கிடுறான்."

அப்படியென்றால், மன்னிப்பும் சோறும் நீ கட்டினவை. "நாளைக்கு, அவன் மனுசியிட்டை மன்னிப்புக் கேக்கிறான் எண்டு மாமா சொன்ன மாதிரியே சொல்லு பிள்ளை" என்று கெஞ்சினேன்.

"பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எட்டன்று சனம் சாப்பிட்டுப் போன பிறகு, உன் படையலுக்குப் பக்கத்தில் படம் ஓடியது. கதவு வந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் படையலைப் பார்த்தேன். "அவர் மன்னிப்புக் கேக்கிறார் அன்ரி" என்றாள் மெல்ல.

வசந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேண்டாம் பிள்ளை. அவ நாயைத் தேடுறா. என்னோட வேலை செய்த பிரெஞ்சுக்காரி எப்பவோ சொல்லிப்போட்டா. என்ர மனுசன் என்னட்டை மன்னிப்புக் கேட்ட ஒரே இடம் உதுதான். அதுக்குத்தான் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னனான்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த ஓவர்ரைமுகளும் தெரியும் அண்ணை. இன்னும் கொஞ்சம் நண்டு போடவோ?"

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டை நீட்டினேன். வெளிக்கிடும்போது பெட்டியை வசந்தி என் கையில் வைத்தாள். "எனக்கு இனி உது வேண்டாம். நீங்கள் வைச்சிருங்கோ."

அவளுக்கு நான் சொன்ன பொய்களுக்கு மடலில் இடமில்லை. நேரே போய்த்தான் சொல்லவேண்டும். இரண்டு தரம் அந்த வீட்டு வாசல்வரை போய், பெல்லை அடிக்காமல் திரும்பி வந்தேன். 'பிழை விட்டிட்டன்' என்ற உன் வசனம் எனக்கு நல்ல மனப்பாடம் மச்சான். நாளைக்கு அதைச் சொல்லுவேன். சோறு ஆறுது என்று அவள் சொல்லுவாளோ, கதவைச் சாத்துவாளோ, தெரியாது.