எலும்பு ஊசியும் அத்தையின் பல்லும்

அன்பு மகளுக்கு,

வலியில் துடிக்கிறவரிடம் இன்னும் சில நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? காலையிலிருந்து இதையேதான் யோசிக்கிறேன். மற்றபடி இங்கே எல்லாரும் நலம், உன் அத்தையின் வாயைத் தவிர. நீயும் அங்கே நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

நாளைக்கு அத்தைக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை ஆபரேஷன் செய்து எடுப்பதாக ஏற்பாடு. பல் பாதி உடைந்து, சீழ் வைத்து, கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது, பேசினால் வலிக்கிறது என்று கையை ஆட்டித்தான் காபி கேட்கிறார். அக்கா வாய்மூடி இருந்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று உன் அப்பா சிரித்து, அத்தை எறிந்த தலையணையை முகத்தில் வாங்கிக்கொண்டார். இன்று வெண்ணெய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது கதவுத் தட்டில் ஓர் ஊசிமருந்துப் பெட்டி இருந்தது. எலும்பு தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அத்தை போட்டுக்கொள்வது. எதையும் படித்துப் பார்க்கும் என் புத்தி உனக்குத் தெரியும். பல் எடுப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லவும், சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்று உள்ளே இருந்த தாளில் போட்டிருக்கிறது. அரிதாம். அரிது என்றால் அத்தைக்கு வராது என்று அர்த்தமில்லையே. டாக்டரிடம் சொன்னீர்களா அண்ணி என்று கேட்டேன். மாத்திரை ஏதாவது சாப்புடுறீங்களான்னு கேட்டார், இல்லன்னேன், ஊசியைப் பத்தி அவர் கேக்கவே இல்லையே, வயித்துல குத்துற ஊசிக்கும் வாய்க்கும் என்னம்மா சம்பந்தம் என்கிறார். நீ பாட்டுக்கு எதையாவது சொல்லி நாளைக்கு நடக்கறதைக் கெடுத்துடாதே, இந்த வலியோட இன்னொரு நாள் என்னால முடியாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

உனக்கும் அடுத்த மாதம் ஞானப்பல் எடுக்க வேண்டும் என்றாயே, அதனால் சொல்கிறேன், ஊசி, மாத்திரை, சத்து மருந்து, ஒவ்வாமை எதுவானாலும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல். இணையத்தில் படித்துவிட்டு நீயாக எந்த மருந்தையும் நிறுத்தாதே. துணைக்கு ஒரு தோழியை அழைத்துப் போ. வைத்துவிடும் பஞ்சை அழுத்திக் கடித்துக்கொள், ஓங்கித் துப்பாதே, உறிஞ்சுகுழலில் எதையும் குடிக்காதே, பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் வலி உயிரை எடுக்கும். மரத்த உதடு தெளியும்வரை எதையும் மெல்லாதே. இரண்டு மூன்று நாளில் வலி குறைவதற்குப் பதில் கூடினால், கூச்சப்படாமல் திரும்பப் போய்க் காட்டு. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொல், அது அவர்களுக்குப் புதிதல்ல.

நல்லபடியாக இரு, மனசுக்கு நிம்மதி கிடைக்கட்டும். பல் எடுக்கும் தேதி தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
அம்மா

மறுநாள் எழுதுவது: நேற்றே அனுப்பியிருக்க வேண்டியது, மனம் வரவில்லை. இன்று ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே மாத்திரை எதுவும் இல்லையே என்று மறுபடி கேட்டார். அத்தை என்னைப் பார்த்தபடியே இல்லை என்று தலையாட்டினார். ஊசி போட்டுக்கொள்கிறார் என்றேன். கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் டாக்டர். நாளெல்லாம் இவ நாலு வார்த்தை பேசமாட்டா, இன்னிக்குத்தான் வாயத் தொறக்கணுமா என்று அத்தை அவர் முன்னாலேயே கேட்டார். பல்லை எடுக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் துளைத்துச் சீழை வெளியேற்றி மருந்து வைத்தார்கள். எலும்பு டாக்டரிடம் கலந்து பேசிவிட்டு, எடுப்பதா, வேரைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்றுவதா என்று சொல்வார்களாம். வண்டியில் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் படுத்ததும் தூங்கிப்போனார். சாயங்காலம் எழுந்து வந்து, என்னைப் பார்க்காமல், எலும்பு டாக்டரின் நம்பரை உன் அப்பாவிடம் கொடுத்து, இதப் பல் டாக்டருக்கு அனுப்பிடுடா என்றார்.